நானூற்றுப் பன்னிரண்டு டாக்சிகள்

கமலநாதனின் வீட்டு வாசலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நானூற்றுப் பன்னிரண்டு டாக்சிகள் இரட்டை வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் ஆறு அங்குல நீளம், கறுப்பும் மஞ்சளும், எடை மட்டும் அசல் டாக்சியின் எடை. பிரிக்ஃபீல்ட்ஸில் வண்டியை இரட்டை வரிசையில் நிறுத்துவது புதிதல்ல என்பதால் பத்து மணி வரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து உணவுக்கடை அமானுல்லாதான் முதலில் குனிந்து ஒன்றைத் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மாநகராட்சியின் இழுவை லோரி வந்தது. சங்கிலி அறுந்ததும் திரும்பிப் போனது.

அவை கமலநாதன் தொலைக்காட்சியில் விற்ற பொம்மைகள். விலை நூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி, எண் பொறித்த சான்றிதழ் இலவசம். அவன் டிவி நாடக நடிகன். நம்ம பையன் என்று எல்லாருக்கும் செல்லம். விளம்பரத்தில் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்சி ஓட்டிய தன் அப்பா பழனியப்பனின் சாவைச் சொன்னான். "அப்பா உயிர் என் மடியிலதாங்க போச்சு. சாவியக்கூட என் கையிலதான் குடுத்தாரு" என்று அழுதான். நல்ல அழுகை. கிள்ளானிலிருந்து ஷா ஆலம் வரை பார்த்தவர்களெல்லாம் மூக்கைச் சிந்திவிட்டு போன் போட்டார்கள். முதல் எண் கொண்ட பொம்மையைப் பந்திங்கில் இருக்கும் அக்கா சந்திரகலாவுக்குச் சும்மாவே அனுப்பியிருந்தான். அந்தத் தாராளத்தை என்னவென்று சொல்வது!

பழனியப்பன் போனது கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மகள் மடியில் தலை வைத்து. பதினோரு நாள் அவரைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டியவள் சந்திரகலா. ஷூட்டிங் இருக்கிறது என்று சொன்ன தம்பி, சவப்பெட்டியை மூடிய பிறகுதான் வந்தான். அந்த விளம்பரத்தை அவள் பாசாரில், கோழிக்கடை டிவியில் பார்த்தாள். வாங்கிய கோழியை அங்கேயே விட்டுவிட்டு, கடைக்கார லோகேஸ்வரியிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அப்பா போனது என் மடியிலக்கா. அதையும் அவன் மடின்னு வித்துட்டான் லா." லோகேஸ்வரியின் காதில் விழுந்தது கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவ மூன்று நாள் ஆனது. நான்காம் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

வழியை மறித்து வண்டியை விடுகிறவர்கள் போன் நம்பரை எழுதி முன்கண்ணாடிக்குள் வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். பொம்மைகளிலும் சொந்தக்காரர்களின் நம்பர் இருந்தது, கடுகளவு எழுத்தில். கமலநாதன் பூதக்கண்ணாடி வாங்கி ஒவ்வொருவராக அழைத்தான். சொந்தக்காரர் ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். ஆனால் சொன்னது பொய் என்று அவன் வாயால் ஒப்புக்கொள்ளும்வரை அவர் கைக்கும் அசையவில்லை. முதலில் வந்தவர் ஷா ஆலம் தொழிற்சாலைக் காவலாளி அய்யாவு. "நீ அழுதப்ப எங்கப்பாவ நெனச்சு நானும் அழுதேன் தம்பி. பொம்மைய எடுத்துட்டுப் போறேன். அந்த அழுகைய எங்க போய் எடுக்கிறது?" என்றார். இப்படி நாளைக்கு ஏழெட்டுப் பேர். ஐம்பது பேருக்குப் பிறகு அவனுக்கு அந்த ஒப்புதலும் வசனம்போலச் சரளமாக வந்தது.

இரண்டு மாதத்தில் முதல் எண் மட்டும் மிஞ்சியது. அது வாசல் கதவை ஒட்டி நின்றதால் கதவு ஒரு முழத்துக்கு மேல் திறக்கவில்லை. ஒன்பது முறை அழைத்த பிறகு சந்திரகலா பஸ் ஏறி வந்தாள்.

"தப்புதான்க்கா. பொய் சொன்னேன். இத எடுத்துட்டுப் போயிரு."

"அப்பா கடைசியா என்ன கேட்டாருன்னு சொல்லு. எடுத்துட்டுப் போறேன்."

அங்கே இருந்திருந்தால்தானே அவனுக்குத் தெரியும்.

"நீ வந்துட்டியான்னு கேட்டாரு. பதினோரு நாளும் கேட்டாரு. கடைசி நாளு, வந்துட்டான்ப்பா, கீழ பார்க்கிங் தேடிட்டு இருக்கான்னு சொன்னேன். அத நம்பிட்டுத்தான்டா போனாரு."

அவள் டாக்சியைத் தொடவில்லை. அடுத்த பஸ்ஸில் பந்திங்குக்குப் போய்விட்டாள். மறுவாரம் மாநகராட்சி ஆட்கள், அகற்ற முடியாததை அனுமதித்துவிடுவோம் என்று, அதைச் சுற்றி ஆறு அங்குலத்துக்கு வெள்ளைக் கோடு போட்டு ஒரு பார்க்கிங் கட்டம் வரைந்து கொடுத்தார்கள். கமலநாதன் இன்றுவரை ஒருக்களித்துத்தான் வீட்டுக்குள் நுழைகிறான். தபால்காரரும் அப்படித்தான்.