இரண்டு முனையும் ஒரே பெட்டியில்

வீட்டில் நெட் நின்றுபோனதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மனைவிக்குப் போன் செய்ய ஒரு சாக்கு கிடைக்காதா என்று பல மாதங்களாகக் காத்திருந்தவன் நான்.

அவள் இப்போது வேறு ஊரில், ஒரு பெரிய அலுவலகத்தில் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறாள். சொந்தக்காரர்களிடம் வேலை மாற்றம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையில் அவள் என்னை விட்டுப் போய்விட்டாள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வீட்டிலும் என் கால் அதிலேயே இருக்கிறது என்பது அவளுடைய புகார். தப்பைப் பார்த்தால் சொல்லத்தானே வேண்டும்? சொல்லாமல் விட்டால் சுவரில் போய் முட்டுவார்கள். இதை அவளிடம் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். விளக்கியதுதான் வினை.

திரும்பி வந்துவிடு என்று அவளிடம் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் சொல்ல எனக்கு நாக்கு எழாது. வேறு ஏதாவது பேச்சு ஓட வேண்டும், நடுவில் மெல்லச் சொருகிவிட வேண்டும். அதற்குத்தான் சாக்கு.

அன்று எனக்கு விடுமுறை. காலையில் வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். சாயங்காலம் பார்த்தால் எதிலும் நெட் இல்லை. போனில் தனியாக டேட்டா இருந்தது, அதை வைத்தே என் வேலையை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அவளைக் கூப்பிட்டேன்.

அவள் எடுத்ததும் நலம்கூட விசாரிக்காமல், நெட் போயிடுச்சு என்றேன். ஹாலில் இருக்கும் ரூட்டரில் விளக்கு எப்படி எரிகிறது என்று கேட்டாள். அவளுடைய பழைய அறையில், மேஜைக்கடியில், ரூட்டரிலிருந்து வரும் நெட்டை டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டியில் எப்படி என்று கேட்டாள். ஹாலுக்கும் அறைக்கும் நடந்து நடந்து பார்த்துச் சொன்னேன். ஸ்விட்சில் எல்லா விளக்கும் ஒன்றாகச் சேர்ந்து பைத்தியம் பிடித்த மாதிரி துடிக்கின்றன என்றேன். எல்லாமா, ஒன்றாகவா என்று கேட்டாள். பிறகு, ரூட்டரிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் வயரை ரூட்டர் பக்கம் பிடுங்கச் சொன்னாள். பிடுங்கியதும் ஹாலில் வைஃபை வந்துவிட்டது. திரும்பச் சொருகியதும் செத்துப்போனது. அப்படியென்றால் ரூட்டரில் கோளாறு இல்லை, ஸ்விட்ச் பக்கம்தான் ஏதோ இருக்கிறது என்றாள். எவ்வளவு பொறுமை! கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை.

மேஜைக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உடனே விளங்கிவிட்டது.

அவள் தன் கம்ப்யூட்டரை எடுத்துப் போனபோது அதன் வயரை விட்டுப் போயிருந்தாள். ஒரு முனை ஸ்விட்சில் இருந்தது, மறுமுனை தரையில் கிடந்தது. பெருக்கும்போதெல்லாம் அது விளக்குமாற்றில் மாட்டும். அன்று காலை கடுப்பில் அந்த முனையைத் தூக்கி, அதே ஸ்விட்சில் காலியாக இருந்த ஓட்டையில் சொருகிவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் வேலை. ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் இருந்தால் உள்ளே போன தகவல் வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வரும், மற்ற எதற்கும் இடம் விடாது என்று அவள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. ரவுண்டானாவில் புகுந்துவிட்டு வெளியே வரத் தெரியாமல் சுற்றும் புது டிரைவரின் கதைதான்.

கண்டுபிடித்ததை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வயரைப் பிடுங்கச் சொல்வாள். பிடுங்கினால் பேச்சு முடிந்துவிடும். நான் இன்னும் விஷயத்துக்கே வரவில்லை.

வயர்களை ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னாள். டிவியுடையதை எடுத்தேன். காத்திருக்கச் சொன்னாள், காத்திருந்தோம். அதற்குள் சாப்பாடு என்ன என்று கேட்டாள். காலையில் மிச்சமானதுதான் என்றேன். தன் அறையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே வெறும் சுவர் என்றாள். பிரிண்டர் வயரை எடுத்தேன். முட்டிவலி எப்படி இருக்கிறது என்றாள். மேஜைக்கடியில் தவழ்ந்துகொண்டிருக்கிறேன் என்றதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! என் கம்ப்யூட்டர் வயரை எடுத்தேன். சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. நானோ, இன்னும் விளக்கு துடிக்கிறது என்றுதான் சொன்னேன்.

"அந்த ஒண்ணையும் எடுத்துடுங்க," என்றாள்.

"எதை?"

"ரெண்டு முனையையும் அதுலயே சொருகியிருக்கீங்கல்ல, அதை. லைட்டெல்லாம் ஒண்ணா துடிக்குதுன்னு நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரியும்."

எனக்குக் காது சுட்டது. "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றேன்.

"ஆபீஸ் விட்டு வந்தா எனக்கும் இங்க பேச ஆள் இல்லைங்க," என்றாள்.

இதைவிட நல்ல இடம் இனி வாய்க்காது என்று தோன்றியது. தரையில் உட்கார்ந்தபடியே, "வந்துடேன்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அதில் அதட்டல் இல்லை, அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

அவள் சொன்னாள்: "பேச ஆள் இல்லாதது வேற. திரும்பி வர்றது வேற."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். எனக்கும் அழுகை வந்தது.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வயரை எடுத்தாயிற்றா என்று கேட்டாள். எடுத்தேன். துடிப்பு நின்றது. மற்ற வயர்களைத் திரும்பச் சொருகச் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொருகினேன், விளக்குகள் அதனதன் இடத்தில் நிதானமாக எரிந்தன. சரியாகிவிட்டது என்று சொன்னேன். நல்லது, வைக்கட்டுமா என்றாள். ம் என்றேன்.

என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நெட் நன்றாகவே வந்தது. அதில் பார்க்க எனக்கு ஒன்றும் இல்லை.