குருநாதன் வீட்டு வரட்டி

எட்டே கால் பெரம்பலூர் பஸ் ஏரிக்கரையில் ஹாரன் அடித்தபோது, சின்னதுரை அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் இராமலிங்கம், அம்மாவின் தம்பி. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மச்சான் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"வலி, நோவு எதுவும் இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல மாமா. ராத்திரி பால் குடிச்சாரு, படுத்தாரு. காலையில எழுந்திருக்கல."

"வயசு எண்பது ஆவப்போவுது. பேரன் பேத்தி எடுத்தாச்சு. கல்யாணச் சாவுடா இது. மூஞ்சியத் தொங்கப் போடாத. மேளத்துக்குச் சொல்லிவுட்டியா?"

சொல்லியாயிற்று. தேர்ப்பாடைக்கு மூங்கிலும் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். சுடுகாட்டு வேலை பார்க்கும் வேம்பு வாசலில் நின்று அதைக் கேட்டார்.

"வரட்டி எங்கங்க?"

ஊரில் வரட்டி கிடையாது. அதற்குக் காரணமானவர் பெஞ்சில் கிடந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் அப்பா குருநாதன் வீட்டின் பின்னால் ஒரு கிணறு வெட்டினார். தண்ணீருக்கல்ல. அதில் சாணியைக் கரைத்து ஊற்றி, மேலே பெரிய இரும்பு டிரம்மைக் கவிழ்த்தார். வாயு சேரச் சேர டிரம் எழும்பியது. அவர் வீட்டிலும் ஊரில் மாடு வைத்திருந்த மற்ற ஆறு வீட்டிலும் குழாய் வழியாக வந்து நீலமாக எரிந்தது. ஊர் அவருக்குச் 'சாணி மொதலாளி' என்று பேர் வைத்தது. மொதலாளி காசு வாங்கவில்லை. வீட்டுச் சாணி முழுவதும் கிணற்றுக்கு வர வேண்டும். ஏரிக்கரைப் புங்கையில் அரிவாள் படக்கூடாது. அவ்வளவுதான் கேட்டார். கிணற்றிலிருந்து வழிந்த குழம்பை அவரவர் வயலுக்கே எருவாகத் திருப்பிக் கொடுத்தார். அப்போது கரையில் அடிக்கட்டைகள்தான் இருந்தன. இப்போது பஸ் நிழலில் நின்று ஆள் ஏற்றுகிறது.

அவருக்கு இருந்த குறை ஒன்றுதான். டிரம் போதிய அளவு எழும்பவில்லை. இத்தனை மாட்டுக்கு இவ்வளவுதானா சாணி என்று தினமும் கேட்டார். மாடுகளுக்கு வயிற்றில் பூச்சி என்று முடிவு செய்தார். பெரம்பலூரிலிருந்து மாட்டு டாக்டரை அழைத்து வந்து, தெருவில் ஒரு மாடு விடாமல் மூங்கில் குழாயில் மருந்து புகட்டினார். பிறகு மாடுகள் அவரைக் கண்டால் கயிற்றை அறுக்கப் பார்த்தன.

"கெணத்துச் சாணி காஞ்சு கீத்துக்கு அடியில கெடக்கே. அது எரியாதா?" என்றார் மாமா.

"சத்தெல்லாத்தையும் பெரியவரு கேஸாப் புடிச்சுக்கிட்டாருங்க," என்றார் வேம்பு. "அது வெறும் மண்ணு."

"அப்பக் குழாயச் சுடுகாடு வரைக்கும் இழுத்துட வேண்டியதுதான்."

வாசலில் இரண்டு பேர் சிரித்தார்கள். சின்னதுரை சிரிக்கவில்லை. பக்கத்து ஊர்களில் கேட்கலாம். ஐப்பசி மழை நான்கு நாளாக விடவில்லை. எங்கும் வரட்டி ஊறிப் போய்க் கிடக்கும். பெரம்பலூர் விறகுக்கடை இருக்கிறது. அது பச்சைமலைக் காட்டில் வெட்டிய மரம். அந்தக் கடை நிழலில்கூட அப்பா ஒதுங்கியதில்லை.

"அப்பக் கரைதான்," என்றார் மாமா. "ஒரு புங்கை போதும். மண்ணெண்ணெய ஊத்தி எரிச்சுடலாம்."

"வேணாம் மாமா."

"இத்தனையும் அந்த மனுசன் காபந்து பண்ண மரம்டா. போற கட்டைக்கு அதுல ஒண்ணு கெடையாதா?"

"அவருக்குன்னு ஒண்ண வெட்டுனா, நாளைக்கு ஆளுக்கு ஒண்ண வெட்டுவாங்க. தடுக்கறதுக்கு எனக்கு வாய் இருக்காது."

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும். வேற வழியிருந்தாச் சொல்லு."

மாமா கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு ஆட்களோடு கரைக்குப் போனார்.

சின்னதுரை உள்ளே போனான். அம்மா சுந்தராம்பாள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவன் குனிந்து, "கரையில மரம் வெட்டப் போறாங்கம்மா," என்றான்.

அம்மா ஒப்பாரியை நிறுத்தவில்லை. ஒரு அடி முடிந்து அடுத்த அடி எடுப்பதற்குள் அவன் காதைப் பிடித்து இழுத்தாள்.

"கொட்டாய்ப் பரண்மேல பாரு."

"என்னம்மா?"

"மாட்டுக்கொட்டாய்ப் பரண்மேல. வைக்கோலத் தள்ளிட்டுப் பாரு."

அடுத்த அடியை எடுத்து அழுதாள்.

அவன் பரணில் ஏறி வைக்கோலைத் தள்ளினான். கீழே வரட்டி. தட்டுத் தட்டாக, சுவர் முட்ட, ஓடு முட்ட. எடுத்துத் தட்டினான். ஓடுபோல ஓசை கேட்டது. ஒவ்வொன்றிலும் அம்மாவின் கை பதிந்திருந்தது.

கீழே மூலையில் மாடுகளுக்குக் கொசுப்புகை போடும் இடம். மூன்று செங்கல். செங்கல் மேல் அடி கறுத்த பால்சட்டி. தினமும் பார்ப்பதுதான். இன்றுதான் அது என்ன என்று புரிந்தது. திருச்சியிலிருந்து ஆபீசர்கள் கிணறு பார்க்க வரும்போதெல்லாம் அப்பா அவர்களுக்குச் சுண்டக் காய்ச்சிய பால் கொடுப்பார். "கேஸ்ல காச்சுன பாலுங்க. வெறகுல வருமா இந்த ருசி?" என்பார். ஆபீசர்கள் ஒப்புக்கொண்டு எழுதிக்கொண்டு போவார்கள்.

முதல் கூடையோடு அவன் முற்றத்துக்கு வந்தபோது ஒப்பாரி நின்றது. பக்கத்து வீட்டு இருசம்மாள் கூடையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா, நீயுமா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இருசம்மாள் எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் தலையிலும் ஒரு கூடை இருந்தது. அதற்குள் எதிர்வீட்டுக்காரி எழுந்துவிட்டாள். பிறகு அவள் ஓரகத்தி. நெற்குதிருக்குப் பின்னாலிருந்தும் கட்டிலுக்கு அடியிலிருந்தும் வரட்டி வெளியே வந்தது. குழாய் போன ஆறு வீட்டில் எந்த வீடும் மீதியில்லை.

"நெல்லு அவிக்கக் கேஸு பத்துமா, நீங்களே சொல்லுங்க."

"வெந்நீர் வெக்க வேணாமா?"

"எங்க செவலைக்குப் பூச்சி மருந்து ஊத்துனாரே. மூணு நாளு கழிஞ்சு செத்துப் பொழைச்சுது."

"நீ பாதிச் சாணிய அமுக்கிப்புட்டு மாட்டு மேல பழி வுழ வுட்டா?"

"நானாவது பாதி. நீ?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு இன்னொருத்தி. பிறகு பொத்தவில்லை. அப்பாவைச் சுற்றி உட்கார்ந்து அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"ராத்திரிப் பாலும் கொட்டாயிலதானாக்கா?" என்றாள் இருசம்மாள்.

"கேஸ்ல வச்சா அவருக்கு எறங்காது," என்றாள் அம்மா.

சின்னதுரை கரைக்கு ஓடினான். மாமா முதல் வெட்டுப் போட்டிருந்தார். ஓங்கிய கோடாலி தலைக்கு மேல் இருந்தது.

"மாமா, வேணாம். வரட்டி இருக்கு."

"எங்க?"

"ஒங்க அக்காளக் கேளுங்க."

மாமா வந்து பார்த்தார். வாசல் பந்தலுக்கடியில் வண்டி நிறைந்து, பாரம் மேலே கோபுரமாக ஏறிக்கொண்டிருந்தது. வேம்பு ஒரு வரட்டியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"வரட்டின்னா இப்படி இருக்கணுங்க. இது மகாராசா போற மாதிரி."

மாமா பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "மச்சான், ஏழு வூட்டுப் பொம்பளைங்க சேந்து ஒம்மைக் கவுத்துட்டாளுங்கய்யா," என்றார். மாட்டுத்தொட்டியோரம் கிடந்த சாணியில் ஒரு கை அள்ளிக்கொண்டு மறுபடி கரைக்குப் போனார். மரத்தின் வெட்டில் அதை அப்பிவிட்டு வந்தார்.

மூன்று மணிக்கு மழை விட்டது. தப்பு மேளம் அடித்தார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டி ஆடினார். முன்னால் தேர்ப்பாடை, பின்னால் வரட்டி வண்டி. தெருமுனை வரை வந்த பெண்கள் அங்கே நின்றுகொண்டார்கள். புங்கைக்கு அடியில் போகும்போது கிளையிலிருந்து நீர் சொட்டியது. வண்டிக்காரர் தன் கோணிச்சாக்கை எடுத்து வரட்டி மேல் விரித்தார்.

சுடுகாட்டில் வேம்பு அடுக்கினார். வண்டியில் வந்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை. சின்னதுரை குடத்தோடு மூன்று சுற்று சுற்றிக் கொள்ளி வைத்தான். வைத்தவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. மாமா அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, நடத்திக் கூட்டி வந்தார். பின்னால் சடசடவென்று ஏதோ கேட்டது. நெருப்பா, மறுபடி மழையா என்று தெரியவில்லை.

ஏரியில் முங்கி, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தான். வீடு கழுவியிருந்தது. பெஞ்சைச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். அம்மா மாட்டுக்கொட்டாயில் காலியான பரணுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள். யாரும் பக்கத்தில் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"நல்லா எரிஞ்சுதாப்பா?"