ஒரு ஜோடி கிளவுஸ்

ஊர் எழுந்து முகம் கழுவுகிற நேரத்தில் நாங்கள் பிறத்தியார் மலத்தைக் கழுவிக்கொண்டிருப்போம். தொம்மலூரில் நாங்கள் வேலை பார்க்கும் கண்ணாடி ஆபீஸ் கட்டடம் வெளியே பளபளவென்று நிற்கும். மூன்றாம் மாடிக் கக்கூஸில் நைட் ஷிப்ட்காரர்கள் விட்டுப்போனதை வந்து பார்க்கவேண்டும். அவ்வளவு படித்தவர்களுக்குத் தண்ணீர் இழுத்துவிடத் தெரியாது. சீ, சொல்லவே குமட்டுகிறது.

இரண்டு மாதமாக எங்களுக்குக் கிளவுஸ் கிடையாது. காண்டிராக்டர் கோவிந்தப்பா நிறுத்திவிட்டான். வெறுங்கையால் தேய்த்தால்தான் அழுக்கு போகுமென்று வியாக்கியானம் வேறு. ஆசிட் பட்டுப் பாஞ்சாலிக்கு விரலிடுக்கெல்லாம் வெந்து சீழ் கட்டியிருந்தது. நீலசந்திராவில் என் பக்கத்து வீட்டுக்காரி அவள். பிள்ளைக்குச் சோறூட்டத் தன் கையே அருவருத்து, ஸ்பூனால் ஊட்டுகிறாள்.

அன்று காலை கோவிந்தப்பா சோதனைக்கு வந்தான். அடைத்துக் கிடந்த ஒரு பீங்கானுக்குள் குனிந்து, கறை போகவில்லை என்று பாஞ்சாலியின் வம்சத்தையே இழுத்துத் திட்டினான். குனிந்த வாக்கில் சட்டைப் பையிலிருந்த புது செல்போன் நழுவி உள்ளே விழுந்தது.

அவசரம் வந்தால் அவனுக்குக் கன்னடம் முந்தும். “பேக, பேக! சீக்கிரம் எடு, பாஞ்சாலி. தண்ணி உள்ள போனா போர்டு போயிடும்.”

பாவி மகள், பழக்க தோஷத்தில் குனிந்தே விட்டாள். நான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

அவன் பதறினதைப் பார்க்கவேண்டுமே. எடுத்ததும் பேட்டரியைக் கழற்ற வேண்டுமாம். மெத்தென்ற துணியால் ஒற்ற வேண்டுமாம், தேய்க்கக் கூடாதாம். அப்புறம் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைக்க வேண்டுமாம். ஒரு செல்போனுக்கு இத்தனை பக்குவம்.

பாஞ்சாலி கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“சார், ரெண்டு மாசமா இந்தக் கையும் ஈரத்துலதான் கெடக்குது. இத எந்த அரிசில பொதைக்கிறது?”

அவன் ஓடிப்போய் ஸ்டோர் ரூமைத் திறந்தான். கம்பெனி அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்கென்று பிரிக்காத கிளவுஸ் பெட்டிகள் அங்கே அடுக்கடுக்காக இருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றைப் பிரித்து, ஒரே ஒரு ஜோடியைப் பாஞ்சாலியின் காலடியில் எறிந்தான். அவள் தொடவில்லை. சத்தம் கேட்டு மற்ற மாடிகளில் துடைத்துக்கொண்டிருந்த மௌரீன், முனியப்பன் எல்லோரும் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தால்தான் எடுப்போம் என்று மௌரீன் கறாராகச் சொன்னாள்.

“நாளைக்கு ஒருத்தருக்கும் வேலை இல்ல. நீலசந்திராவுல ஆளா கெடைக்காது?” என்று கத்தினான் கோவிந்தப்பா.

“நெறைய இருக்காங்க சார்,” என்றான் முனியப்பன். “எல்லாரும் எங்க வீட்டு ஆளுங்கதான். கேட்டுப் பாருங்க.”

கோவிந்தப்பா அந்த ஜோடியைத் தானே மாட்டிக்கொண்டான். மூக்கைச் சுளித்து, ஓங்கரித்து, கையை விட்டுச் செல்போனை எடுத்தான். அது செத்துப்போயிருந்தது. பிறகு கிளவுஸைக் கழற்றி வீசிவிட்டுச் சோப்பு போட்டுக் கழுவினான், மறுபடி கழுவினான், முகர்ந்து பார்த்து இன்னொரு தடவையும் கழுவினான். கிளவுஸ் போட்ட கையை! நாங்கள் நின்று பார்த்தோம்.

துடைப்பங்களை அங்கேயே போட்டுவிட்டு எல்லோரும் கீழே இறங்கினோம். நாளைக்கு அடுப்பு எரியுமா, தெரியாது. வாசலில் முதல் ஆபீஸ் பஸ் வந்து நின்றது. ஒதுங்கச் சொல்லி செக்யூரிட்டி கத்தினான். பாஞ்சாலி ஒதுங்காமல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பக்கத்தில் நான் காட்டினேன். மௌரீன், முனியப்பன், ஒவ்வொருவராக எல்லோரும் காட்டினோம். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எங்கள் கைகளைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. மேலே கக்கூஸ்கள் அப்படியே கிடந்தன.