கருப்பணார் மேட்டில் காற்று அடித்ததா?

காற்றாலைக்காரர்களின் சங்கத்தில் தனசேகருக்கு வேலை, காற்றுக்கு வக்காலத்து வாங்குவது. சேலத்து அலுவலகத்திலிருந்து ஊர் ஊராகப் போய், காற்றை அளக்கக் கம்பம் நட இடம் கேட்பான். மூன்று ஊர்களில் கையை விரித்துவிட்டார்கள். "இதுவும் போச்சுன்னா வேற வேலை பாத்துக்கப்பா" என்று செயலாளர் சொல்லியே அனுப்பியிருந்தார்.

இது என்பது சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் கருப்பணார் கோயில் மேடு. காலையிலிருந்து தொண்டை வறளப் பேசினான். "இந்த மேட்டுல காத்து நிக்கறதே இல்லீங்க. எந்நேரமும் அடிச்சுக்கிட்டே இருக்கும்." ஊர் தலையாட்டியது. கோயில் பொறுப்பிலிருந்த மாதையன் மட்டும், "நாங்க சரின்னாப் போதுங்களா? சாமி நெலம். சாமியக் கேக்கோணும்" என்றார்.

கேட்பதற்கு ஒரு கிடாய் வந்தது. மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமிக்குச் சம்மதம். கிடாயோ பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றது. பிறகு மாலையைத் தின்னத் தொடங்கியது. பொறியியல் படித்துவிட்டு ஓர் ஆட்டின் முதுகை இப்படி வெறித்துக்கொண்டு நிற்போம் என்று தனசேகர் கனவிலும் நினைத்ததில்லை.

திடீரென்று கிடாய் உதறியது. "கருப்பணாரே!" என்று கூட்டம் கும்பிட்டது. அவனுக்குப் போன உயிர் வந்தது.

"இருங்க, இருங்க" என்றார் மாலை கட்டிக் கொண்டுவந்த செல்லியம்மாள். "இப்ப ஒரு காத்து அடிச்சுதில்ல? ஈர ஒடம்பு, குளுந்து ஒதறியிருக்கும். அது சாமி வாக்காகுமா?"

அடித்தது, அடிக்கவில்லை என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மாதையன் கையை உயர்த்தினார். "எதுக்குச் சண்டை? காத்தப் பத்திப் பேசத்தான தம்பி வந்திருக்காரு. சொல்லுங்க தம்பி, காத்து அடிச்சுதுங்களா?"

அடித்தது என்றால் சாமி சம்மதிக்கவில்லை. அடிக்கவில்லை என்றால் காலையிலிருந்து பேசியதெல்லாம் பொய். உண்மையையாவது சொல்லிவிடலாம் என்று பார்த்தால், ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குச் சத்தியமாக அது தெரியவில்லை.

"கவனிக்கலீங்க" என்றான்.

கூட்டம் சிரித்தது. "செரி, மறுபடி தெளிங்க" என்றார் மாதையன். "இந்தத் தடவ தம்பி காத்த மட்டும் பாக்கட்டும்."

செல்லியம்மாள் சொம்பை எடுத்தார். தனசேகர் கருப்பணாரைப் பார்த்துக் கையெடுத்தான். மனம் உருகித்தான் கும்பிட்டான். காற்று அடிக்க வேண்டும் என்று கேட்பதா, அடிக்கவே கூடாது என்று கேட்பதா என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.