உடன் செல்வோர்

“உம்மாட வீட்ட விட்டு வாறது கஷ்டமா இருந்திச்சா?”

கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் ஜெஸீமா இப்படிக் கேட்டாள். சஜீத் அவளுடைய வீட்டு அலுமாரியில் தன் சேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மூதூரிலிருந்து ஒரு சூட்கேசும், ஜெட்டியில் படகு எஞ்சின் திருத்துகிற ஸ்பானர் பெட்டியுமாக வந்திறங்கியவன்.

“என்ன கஷ்டம்? எங்கட ஆக்கள்ல ஆம்பிளதானே பெட்டி தூக்கிக்கொண்டு பொண்ட வீட்ட வாறது. வாப்பாவும் அப்பிடி வந்தவர்தான். உன்ட வீடு எங்கயோ, அங்கதான் என்ட வீடும்.” கொஞ்சம் யோசித்தான். “மாமிட புளியாணம் மட்டும்தான் பழக வேணும்.”

பதினோரு வருஷத்துக்கு முந்திய கதை. இந்த நாலு மாதமாக அது ஜெஸீமாவின் நெஞ்சுக்குள் வந்து வந்து போனது. மாலைதீவில் ஒரு பள்ளிக்கூடம் அவளை இரசாயனவியல் படிப்பிக்க எடுத்திருந்தது. விஞ்ஞானப் பட்டம், கல்வி டிப்ளோமா, ஒன்பது வருஷ அனுபவம் எல்லாவற்றையும் பார்த்து, வீடியோவில் இரண்டு தரம் கேள்வி கேட்டுத்தான் எடுத்தார்கள். இங்கே சம்பளமில்லாத லீவும் கிடைத்துவிட்டது. மிச்சமிருந்தது, வெளிநாட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்காகப் புருஷன் கையெழுத்து வைக்க வேண்டிய ஒரேயொரு படிவம். அதற்காகத்தான் புருஷனும் பெண்சாதியுமாகக் காலையிலேயே வந்து பிரதேச செயலகத்துக் கதிரைகளில் காத்திருந்தார்கள்.

அவர்களுடைய முறை வந்தது. உத்தியோகத்தர் அவள் நீட்டிய ஃபைலைத் திறக்கவேயில்லை. ஒரு ரோஸ் நிறப் படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு சஜீத்தைப் பார்த்தார்.

“மிஸிஸ் போனா புள்ளைய ஆர் பாக்கிறது?”

“மாமி இருக்கிறா, சேர்.”

“உங்களுக்குச் சாப்பாடு?”

“அது பாத்துக்கொள்ளலாம், சேர்.”

“மிஸிஸுக்கு உடுப்புக் கழுவுற மெசின் பாவிக்கத் தெரியுமா?”

“நான் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறனான்” என்றாள் ஜெஸீமா.

“ஓம் தங்கச்சி, சந்தோசம்” என்றார் அவர், தலை நிமிராமல்.

முன்வாங்குப் பிள்ளைகளின் கொப்பிகளைத் தலைகீழாக வாசித்துப் பழகிய கண்கள் அவளுடையவை. தொழில் என்ற இடத்தில் அவர் எழுதியதை அவை உடனே பிடித்துக்கொண்டன. வீட்டுப் பணிப்பெண்.

“சேர், பிழையா எழுதியிருக்கிறீங்க.”

“பிழையில்ல. டீச்சர் என்டு போட்டா பட்டத்த உறுதிப்படுத்தக் கொழும்புக்கு அனுப்ப வேணும், ஒரு மாசம் இழுபடும். இப்பிடிப் போட்டா இன்டைக்கே முடிஞ்சிரும். இஞ்சேருந்து போற பொம்புளையள் கனபேர் இதுக்குத்தானே போறவங்க.” படிவத்தைச் சஜீத்தின் பக்கம் தள்ளினார். “தம்பி, நீங்க கையெழுத்த வையுங்க.”

சஜீத் பேனையை எடுத்தான். “எதப் போட்டா என்ன, ஜெஸி. வேலை முடிஞ்சாச் சரிதானே.”

ஜெஸீமாவுக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனாலும் குரல் உயரவில்லை. வகுப்பில் கடைசி வாங்கும் அடங்கிப்போகும் அந்தத் தணிந்த குரல்தான் வந்தது.

“என்ட உம்மா ஆறு வருஷம் றியாத்தில சட்டி கழுவினவ, சேர். அதில எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. ஆனா அவ கழுவினது, என்ட பேருக்கு நேர டீச்சர் என்டு எழுதுறத்துக்குத்தான். உங்களுக்குச் சுருக்கா வேலை முடியிறத்துக்காக அத நீங்க அழிக்க ஏலாது.”

அவள் சஜீத்தின் கையிலிருந்த பேனையை வாங்கி, அந்தச் சொற்களை வெட்டி, மேலே ‘பட்டதாரி ஆசிரியை’ என்று எழுதினாள். அப்போதுதான் அதற்குக் கீழே இருந்ததும் கண்ணில் பட்டது.

உடன் செல்வோர்: இல்லை.

இதையும் அவர் கேட்காமலே எழுதியிருந்தார். வெட்டப்போன பேனை அந்தரத்தில் நின்றது. அவர்தான் கேட்கவில்லை. அவள் மட்டும் சஜீத்திடம் கேட்டாளா? பேனையை மேசையில் வைத்தாள்.

“வெட்டின படிவம் எடுபடாது” என்றார் உத்தியோகத்தர். “புதுசு திங்கக்கிழமைதான்.”

“அப்ப திங்கக்கிழமை வாறம். கொழும்புக்கும் அனுப்புங்க.”

வெளியே வெயில் ஏறியிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் துறைமுகத் தண்ணீர் மினுங்கியது. அவர்களுடைய மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில் ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று யாரோ எறிந்த சோற்றுப் பார்சலை மோந்துகொண்டு நின்றது. சஜீத் அதை ‘சூ’ என்று விலக்கினான்.

“என்னிலயும் கோவமா?”

“ஓம். அந்தாளுக்கு என்னத் தெரியாது. மின்ஹா வயித்தில இருக்கக்குள்ள கால் வீங்கி வீங்கி நான் சோதினை எழுதினத நீங்க பாத்தனீங்க. பாத்திட்டும் பேனையத் தூக்கினீங்களே.”

சஜீத் மோட்டார்சைக்கிள் திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். “பயந்திட்டன், புள்ள. ஒரு மாசம் இழுபட்டா அவங்க வேற ஆள எடுத்திருவாங்க. உன்ட வேலை போயிரக் கூடாது என்டுதான்.” பிறகு அவளைத் தேற்றுகிறவனாகச் சொன்னான். “ஒன்டுக்கும் யோசியாத. நான் உன்ன விடுறன்தானே. மின்ஹாவ மாமி பாப்பா. நான் மூதூருக்குப் போய் உம்மாவோட இருப்பன்.”

எல்லாம் அவளைக் கேட்காமலே ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. விடுகிறானாம். அவன் நல்லவன், அன்பாகத்தான் சொல்கிறான். அதனாலேயே இன்னும் கூடுதலாக எரிந்தது. அவளுக்கு ஒன்பது வயதில், உம்மா விமான நிலையத்துக்கு வாடகை வான் ஏறியபோது, என்னையும் கூட்டிப் போங்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் உம்மா அழுவாள் என்று விழுங்கிக்கொண்டாள். மின்ஹாவுக்கு இப்போது எட்டு வயது.

கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளொன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“அந்தப் பள்ளிக்கூடத்துக் கடிதத்திட கடைசிப் பக்கம். வீடு குடுக்கிறாங்க, ரெண்டு அறை. புருஷனும் புள்ளையும் வரலாம் என்டு போட்டிருக்கு.”

அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “நாலு மாசமா ஏன் சொல்லல்ல?”

“உங்களுக்கு அங்க உடன வேலை செய்ய ஏலாது என்டும் அதிலதான் கிடக்கு. நான் உழைக்க, நீங்க மின்ஹாவ ஸ்கூலுக்குக் கூட்டிப்போய், குசினியையும் பாக்க வேண்டிவரும். ஜெட்டியில உங்கட கூட்டாளிமார் சிரிப்பாங்க. அதான் வாய் வரல்ல.” அவளுடைய குரல் இப்போதுதான் நடுங்கியது. “அன்டைக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு என்ட வீட்ட வந்தீங்க, மச்சான், ஒருத்தரும் சிரிக்கல்ல. இனி என்ட வீடு அங்க. மின்ஹாவையும் கூட்டிக்கொண்டு என்னோட வாங்க.”