பல்கனியில் உறைந்த வைன்

மங்களேஸ்வரியின் வெள்ளிக்கிழமை விரதத்தின் விலை, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசியில், ஐந்து போத்தல் வைன். அவளுடைய புருசன் குலசேகரத்துக்கு அது சனிக்கிழமை விடியத்தான் தெரியவந்தது. ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில், அவர்களுடைய மாடிவீட்டின் பல்கனியில் சிவப்புப் பனிக்கட்டியும் கண்ணாடித் துண்டுகளும் கிடந்தன.

“விளக்கு வைச்ச வீட்டுக்குள்ள சாராயப் பெட்டியோ? அதுதான் வெளியில வைச்சனான்.”

“சாராயமில்லையப்பா, வைன்! வெளியில மைனஸ் பதினெட்டு!”

“வைனெண்டால் ஐயருக்கும் ஒண்டு குடுக்கிறதுதானே.”

நோர்வேக்கு வருமுன் குலசேகரம் இத்தாலியின் பியெமொந்தே மலைச்சரிவில், ரெனாத்தோவின் சின்ன வைன் பண்ணையில் திராட்சை பறித்தவன். இப்போது ஒஸ்லோ நகருக்குள் குறொன்லாண்டில் அவனுடைய பலசரக்குக் கடை படுத்துக்கொண்டிருந்தது. ஒஸ்லோவில் ஓர் உணவகத்தின் ஓடரைப் பிடித்தால் நோர்வே முழுக்க விற்கும் உரிமை உனக்கு, தவறினால் சுவீடன்காரனுக்கு என்று சொல்லி ரெனாத்தோ அனுப்பிய ஆறு மாதிரிப் போத்தல்கள் அவை. மத்தியானம் உணவகக்காரி இங்கெர் ருசி பார்க்கக் காத்திருப்பாள்.

ஒன்று மட்டும் தக்கை பாதி எழும்பியபடி தப்பியிருந்தது. அதை வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் இறக்கிவிட்டு, குசினிக்கும் கூடத்துக்குமாக நடந்தான்.

“பிள்ளைப்பேறு பாக்கிற மாதிரி நடக்காதேங்கோ. தலை சுத்துது.”

கட்டி கரைந்ததும் தக்கையைப் பெருவிரலால் அமுக்கி, போத்தலைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு ரயிலேறினான். இருக்கை காலியாக இருந்தும் நின்றே போனான்.

இங்கெர் கிளாசை வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் கண்ணாடித்தூள் போல ஏதோ மினுங்கியது.

“குளிரில...” என்று குலசேகரம் தொடங்கினான்.

அவள் முடிக்க விடவில்லை. குளிரில் இப்படிப் பளிங்கு படிவது கைவைக்காத வைனின் அடையாளம், தொழிற்சாலைக்காரர் இதை முன்பே வடித்தெடுத்துவிடுவார்கள் என்று அவளே வகுப்பெடுத்தாள். அறுபது போத்தல் வேண்டும், ஒவ்வொன்றிலும் இதே மினுக்கம் இருக்கவேண்டும், பங்குனிக்குள் வரவேண்டும் என்றாள்.

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். குலசேகரத்தின் வாயோ ஒரு வியாபாரியின் வாய்.

“பிரச்சினையில்லை,” என்றது அது.

வீட்டுக்கு வந்தும் அவன் கோட்டைக் கழற்றவில்லை.

“என்ன, ஓடர் கிடைக்கேல்லையோ?”

“கிடைச்சிட்டுது.”

“பிறகேன் முகம் இப்பிடி? வாறதையும் வெளியில வைச்சுத் தாறன்.”

அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். அந்த மினுக்கத்துக்காகப் பல்கனியில் உறையவிட்டால் ஆறில் ஒன்றுதான் தப்பும். அறுபது கொடுக்க முந்நூற்றறுபது இறக்கவேண்டும். வரவு, ஓர் ஓடர். பற்று, வெடிக்கப்போகும் முந்நூறு போத்தல். நிலுவை, இங்கெருக்குச் சொல்லாமல் விட்ட ஒரு வசனம்.