இனாஸ் வண்டியின் ஒழுகல்

இனாஸ் எங்கே போனான், எங்கே நின்றான் என்று அந்த ஆற்றுத் தீவில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தரையைப் பார்த்தால் போதும். டீக்கடை வாசலில் ஒரு கறுப்பு வட்டம், பேக்கரி வாசலில் ஒன்று, படகுத் துறையில் நாலைந்து. மஞ்சள் மட்கார்டு போட்ட மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் போகிறவனைக் கோவாவில் பைலட் என்பார்கள். இனாஸ் என்ற பைலட் நான்கு மாதமாக ஆயிலை ஒழுகவிட்டபடியே சவாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

மாதா கோயில் வாசல் ஸ்டாண்டில்தான் வினை வந்தது. ஊரார் வசூல் போட்டு முற்றத்துக்குப் புதுக் கல் பாவியிருந்தார்கள். வெளிர் நிறக் கல். ஒரே வாரத்தில் இனாஸின் வண்டி அதற்கு அம்மைத் தழும்பு போட்டுவிட்டது. பாதர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார். அவர் சொல்லாததையெல்லாம் சொல்வதற்கென்றே ஸ்டாண்டின் தலைவன் போஸ்த்யாவ் இருந்தான்.

"ஞாயித்துக்கிழமை திருவிழா. பூசை முடியற வரைக்கும் உன் வண்டி இங்க நிக்கட்டும். ஒரு சொட்டு விழுந்துச்சுன்னு வை, திங்கக்கிழமையிலேர்ந்து உனக்கு மீன் துறை ஸ்டாண்டுதான்."

"மீன் துறையா? அங்க கூடைதானே ஏறும், ஆளு எங்க ஏறுது?"

"கூடைன்னா உன் ஆயிலைப் பாத்து மூஞ்சி சுளிக்காது பாரு."

பைலட்டுகள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் வாய்த்துடுக்கான ரொஜார், "பாத்ராவ், பச்சப் புள்ளைக்குக் கட்டற மாதிரி அடியில ஒரு துணிய கட்டி விடேன்" என்றான். பாத்ராவ் என்றால் முதலாளி; ஸ்டாண்டில் எல்லோரும் எல்லோருக்கும் பாத்ராவ்தான்.

இனாஸுக்குக் காது சுட்டது. மீன் துறைக்குப் போனால் வரும்படி பாதியாகிவிடும் என்பது ஒரு புறம். கோயில் வாசலில் நிற்பவன் பைலட், மீன் துறையில் நிற்பவன் கூடை சுமப்பவன் என்பது அந்தத் தீவின் எழுதாத சட்டம். அந்தப் பெயரோடு ஊருக்குள் நடப்பதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அவன் சும்மாவும் இருந்துவிடவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மெக்கானிக் சாலு மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு பேக்கிங்காக, ஒவ்வொரு ஆயில் சீலாக மாற்றிக்கொண்டே வந்தான். ஒழுகலும் ஒவ்வொரு இடமாகக் குடிபெயர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் சாலு கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "எஞ்சினுக்கு வயசாயிடுச்சுப்பா. மொத்தமா எறக்கணும். மூணு வாரம் விட்டுட்டுப் போ."

மூன்று வாரமாம். திருவிழாவுக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை இனாஸ் கஞ்சியைக் குடித்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தான். மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் கொண்டு எஞ்சினைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். நாலு மாத அழுக்கு கூழாக வழிந்தது. ஆயில் கசிகிற இடம் வேறு, சொட்டுகிற இடம் வேறு. வண்டி ஓடும்போது காற்று அதை எங்கெங்கோ இழுத்துப் பூசிவிடும். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் எஞ்சின் துளி ஈரமில்லாமல் வெள்ளையாக இருக்க வேண்டும். வெள்ளைக்கு என்ன செய்வது என்று யோசித்தவன் நேரே படுக்கையறைக்குப் போனான்.

சற்று நேரத்தில் அவன் மனைவி பியேதாத்தின் குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. "என் பவுடர் டப்பா எங்க?"

"எஞ்சினுக்குப் போட்டுக்கிட்டிருக்கேன்."

"அப்ப நாளைக்குப் பூசைக்கு நான் என்னத்தப் பூசிக்கறது? கிரீஸா?"

"உனக்கு எதுக்கு பவுடரு, நீ சும்மாவே..."

"போதும் போதும். அது கழுத்துக்கும் கொஞ்சம் போடு. உன்னோட சுத்தறதுக்கு அதுவாச்சும் அழகா இருக்கட்டும்."

கல்யாண வீட்டு மாப்பிள்ளை போல மணத்துக்கொண்டிருந்த வண்டியை ஓட்டிக்கொண்டு இனாஸ் வயல்வரப்புச் சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தான். திரும்பி வந்து குனிந்து பார்த்தான். எஞ்சின் ஹெட்டின் மூட்டில் பவுடர் நனைந்திருந்தது. கிக்கர் தண்டில் நனைந்திருந்தது. செயின் பக்கத்திலும் நனைந்திருந்தது. ஒரு ஓட்டையைத் தேடிப் போனவனுக்கு மூன்று கிடைத்தன. அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது என்றே சொல்ல வேண்டும்.

அழுகைக்குப் பின்னால் கோபம் வந்தது. மூன்றிலும் இருப்பது புதுச் சீல், புதுப் பேக்கிங். சாலு சோம்பேறியாக இருக்கலாம், ஆனால் பழையதைப் போட்டுவிட்டுப் புதுசு என்று சொல்கிற ஆளில்லை. மூன்று புதுப் பொருளும் ஒரே நேரத்தில் எப்படிக் கெட்டுப்போகும்? எப்போதும் எஞ்சின் ஆறிய பிறகே மூடியைத் திறப்பவன், முனகிக்கொண்டே, ஆயில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் சூட்டோடு திருகினான்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். மூடி கையிலிருந்து துள்ளியது. சூடான ஆயில் மூக்கிலும் மீசையிலும் தெறித்தது. ஓடிவந்த பியேதாத் அவன் கோலத்தைப் பார்த்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத. ஒரு நிமிஷம் சும்மா இரு" என்றான் இனாஸ். முகத்தைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. "உள்ள காத்து அடைச்சுக்கிட்டு நிக்குது. வெளிய போக வழி இல்லாமத்தான் சீல் எல்லாத்தையும் முட்டித் தள்ளுது."

எஞ்சின் மூச்சு விடுவதற்கென்று ஒரு ரப்பர் குழாய் உண்டு. பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் தொங்கும். இனாஸ் அங்கே கையை விட்டுத் துழாவினான். முதலில் ஒரு கம்பிக்கட்டு விரலில் பட்டது. கம்பிக்கு உள்ளே ஃபெனிச் சாராய பாட்டிலின் கார்க் ஒன்று குழாயின் வாயில் கெட்டியாக உட்கார்ந்திருந்தது.

அதை வைத்தவன் யார்? சாட்சாத் இனாஸேதான். ஜூன் மழையில் ஆறு பெருகி ஏறும்போது படகில் ஏறும் சரிவு தண்ணீருக்குள் போய்விடும். வண்டி முழங்கால் ஆழத்தில் இறங்கித்தான் ஏற வேண்டும். எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமலிருக்கத் தீவின் பைலட்டுகள் எல்லோரும் அந்தக் குழாய்க்குக் கார்க் அடைப்பார்கள், கரையேறியதும் பிடுங்கிவிடுவார்கள். ஒரு நாள் கொட்டுகிற மழையில் கார்க் துள்ளித் துள்ளி விழுந்ததால் இனாஸ் அதைக் கம்பியால் கட்டினான். கட்டியவன் அதோடு மறந்தான். மழை நின்று அக்டோபர் வந்தும் பாவம் அந்த எஞ்சின் மூச்சை அடக்கிக்கொண்டே ஊரைச் சுமந்திருக்கிறது.

கம்பியை அறுத்து, கார்க்கைப் பிடுங்கி எறிந்தான். ஹெட்டின் நட்டுகளை ஒரு சுற்று இறுக்கினான். மறுபடி கழுவி, டப்பாவில் மிச்சமிருந்த பவுடரையும் கொட்டி, இந்த முறை தீவையே சுற்றி வந்தான். வந்து பார்த்தால் எஞ்சின் வெள்ளை வெளேரென்று, போனபடியே இருந்தது. இனாஸுக்கு ஆட வேண்டும் போலிருந்தது. பியேதாத்தின் இடுப்பைப் பிடித்து முற்றத்தில் ஆடியே விட்டான். "விடு, கையெல்லாம் ஆயிலு" என்று கத்தினாளே தவிர அவளும் விலகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போஸ்த்யாவ் வெள்ளை மேசைவிரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து இனாஸின் வண்டிக்கு அடியில் விரித்தான். உள்ளே பூசை நடந்தது. பாதர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் இனாஸுக்கு இன்றுவரை தெரியாது. முடிந்ததும் கூட்டம் நேரே வண்டியைச் சூழ்ந்துகொண்டது. பாதரே குனிந்து விரிப்பை உருவி, இரு கையாலும் வெயிலில் தூக்கிப் பிடித்தார். ஒரு பொட்டுக்கூட இல்லை. பாண்டு வாத்தியக்காரர்கள் காரணம் புரியாமலே ஊதத் தொடங்கினார்கள்.

"அட சண்டாளா!" என்றான் ரொஜார். "சாலு என்னத்தடா மாத்தினான்?"

பொய் சொல்லியிருக்கலாம். நுனிநாக்கு வரை ஒரு நல்ல பொய் வந்தும் நின்றது. ஆனால் ஜெயித்த மனிதனுக்கு வெட்கம் எதற்கு?

"ஒண்ணும் மாத்தல. மூச்சுக் குழாயில கார்க்கு. ஜூன்ல நானே அடைச்சேன், எடுக்க மறந்துட்டேன்."

முற்றமே குலுங்கியது. ரொஜார் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் போஸ்த்யாவ். "கார்க்க மறந்த பைலட்டுடா! நாலு மாசம்! அடேய்..."

சிரிப்பு பாதியில் நின்றது. போஸ்த்யாவின் கை மெல்லத் தன் வண்டியின் பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் போனது. அங்கே ஒரு கார்க்கில் முட்டி நின்றது. அவன் முகம் போன போக்கை ஊரே பார்த்தது.

பாதர் கையிலிருந்த விரிப்பை இனாஸ் பணிவோடு வாங்கி, அழகாக மடித்து, போஸ்த்யாவின் தோளில் போட்டான்.

"வச்சுக்க பாத்ராவ். இனிமே உனக்குத்தான் வேணும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ரொஜார் படியிலிருந்து எழுந்து அவசரமாகத் தன் வண்டிப் பக்கம் போனான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன், அப்புறம் இன்னொருவன். பட்டுச் சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக வரிசை முழுக்கக் குனிந்து துழாவிக்கொண்டிருந்தது.

அக்கரைக்குப் போக வேண்டிய ஒருவர் பையோடு வந்து, "யாருப்பா சவாரிக்கு?" என்று கேட்டார்.

"ஏறுங்க" என்றான் இனாஸ். கோயில் வாசலில் அப்போது ஓடத் தயாராக இருந்தது அவன் வண்டி ஒன்றுதான்.